ரோதைமுனிக்கு ஒரு மடக்கு

அழகனுக்கு முதன்முதலில் சாராயம் ஊற்றிக் கொடுத்தவள் அவனைப் பெற்றவள்தான். காளியாயி இதை யாரிடமும் மறைக்கவில்லை. லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அதை மறைக்க வேண்டிய காரியமாக அப்போது யாரும் நினைக்கவுமில்லை.

குடியின் நாற்றம் தெரியாதவள் அல்ல அவள். புருஷன் பழனியாண்டி ஸ்டோரில் ரோலர் வேலை பார்த்தவன். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஒரு சம்பளத்தன்று தவறணையில் குடித்துவிட்டுத் திரும்பும்போது, ஓயா என்கிற ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த மரப்பாலத்தில் கால் வழுக்கி விழுந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர். எழுந்து நிற்கத் தெரியாமல் அதிலேயே செத்தான். பிணத்தை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடத்தியபோதும் வாடை போகவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காளியாயி அவர்கள் குடியிருந்த காம்பராவில் கிடந்த போத்தல்களையெல்லாம் பொறுக்கி, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். இனி இந்த வாசற்படிக்குள் ஒரு சொட்டு வரக் கூடாது, உன் வாயிலும் படக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அழகனுக்கு அப்போது பத்து வயது. மகள் மீனம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

பையனிடம் ஒரு விசேஷம் இருந்தது. ஒரு முறை காதில் விழுந்தது மறக்காது. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைதான் உண்டு, அதையும் முடித்துவிட்டுச் சும்மா திரிந்தான். ஆனால் காலைப் பெரட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தால் அழகனைத்தான் முன்னால் நிறுத்துவார். புத்தகத்தைப் பார்க்காமல் முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை வரிசை தப்பாமல் சொல்வான். மூன்று லெட்சுமி இருந்தால் யார் மகள், எந்த லயம் என்று சேர்த்துச் சொல்வான். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் பேர் வந்தால், “அவங்க வர மாட்டாங்க, ஆம்பளப் புள்ள” என்று தானே பதிலும் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போவான். பெண்கள் சிரிப்பார்கள். காளியாயி தலையைக் குனிந்து கூடைக் கயிற்றைச் சரி செய்வதுபோல் சிரிப்பாள். இவன் ஒரு நாள் கணக்கப்பிள்ளையாக வருவான் என்று அவளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

பதினாலு முடிந்ததும் அப்பனுடைய இடம் ஸ்டோரில் அவனுக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறி, சிங்களத் துரை பங்களாவுக்கு வந்த வருஷம் அது.

ரோலர் அறையைக் காளியாயி ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். எஞ்சின் அடுத்த கட்டடத்தில் ஓடும். அங்கிருந்து வரும் இரும்புத் தண்டு, கூரைக்குக் கீழே அறையின் முழு நீளத்துக்கும் சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். வாடப் போட்ட கொழுந்தை ரோலர்கள் பித்தளைத் தட்டில் வைத்து முறுக்கி அரைக்கும். ஒன்று ஓடினாலே பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது, அங்கே வரிசையாக ஓடின. தகரக் கூரை அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் திருப்பி அடித்தது. உள்ளே நின்ற சிறிது நேரத்தில் அவளுக்குப் பல் வேரெல்லாம் ஆடுவது போல இருந்தது. அங்கே யாரும் பேச மாட்டார்கள், கையைக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் கத்தித்தான் பேசுவார்கள். லயத்தில் ஸ்டோர்க்காரன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அறையின் மூலையில் ரோதைமுனி இருந்தது. சுழலும் ரோதைக்குள் குடியிருக்கும் முனி. ஒரு கல், அதன் மேல் மஞ்சள், பக்கத்தில் ஒரு சூலம், ஓர் எண்ணெய் விளக்கு. வேலைக்காரர்களின் கை கால் இயந்திரத்தில் போகாமல் காப்பது அதன் பொறுப்பு. புதிதாக ஒருத்தன் ரோலரில் கை வைக்கும் முன் முனிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். படைத்த சாராயத்தில் முதல் மடக்கைப் புதியவன் குடிக்க வேண்டும், அப்புறம் போத்தல் மற்றவர்களுக்குச் சுற்றி வரும். அழகன் குடிக்கவில்லை. அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்றான். மூத்த ரோலர்காரன் செல்லசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. செத்துப்போன கூட்டாளியின் மகன் என்பதால் விட்டுவிட்டான். சாராயத்தைத் தொட்டு நெற்றியில் பூசி வேலைக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதம் ஆவதற்குள் பையனின் காதுக்குள் சத்தம் குடியேறியது. ரோலர் வேலை விடியும் முன்பே தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பான், தூக்கம் வராது. காதுக்குள் ஒரு சில்வண்டு நிற்காமல் கத்துகிறது என்றான். பிறகு சில்வண்டு இல்லை, ரோலரேதான் என்றான். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருப்பான். கண் உள்ளே போய்விட்டது. தோட்டத்து மருந்துக்காரர் காதில் ஊற்ற எண்ணெய் மாதிரி ஒன்று கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மத்தியானம் செல்லசாமி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தான்.

“தங்கச்சி, இது நோவு இல்ல. முனி. மொத மடக்க வாங்காம வந்தவன் காதுல ஏறி உக்காந்துக்கும். கேக்குறதக் குடுத்தாத்தான் எறங்கும்.”

“குடிக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கான் அண்ணே.”

“அவன் எங்க குடிக்கிறான்? குடிக்கிறது முனி. வாய் மட்டுந்தான் அவனுது.”

இந்தப் பேச்சு அவளைக் கொஞ்ச நாள் அரித்தது. செல்லசாமி கெட்டவன் இல்லை. பழனியாண்டியின் பிணத்தை ஓயாவிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் அவன். ரோலர் அறையில் தலை நரைத்தவன். அவன் சொன்னதில் அவளைக் குத்தியது வேறு ஒன்று. முனிக்குச் சேர வேண்டியதைத் தடுத்தது தான் வாங்கிய சத்தியம்தான் என்று நினைத்தாள். அப்பனைக் குடி கொன்றது, மகனைக் குடிக்காதது கொல்லப் போகிறது என்று நினைத்தாள்.

செல்லசாமி கொண்டுவந்து கொடுத்த போத்தலை முதலில் வாசலுக்கு வெளியேதான் வைத்திருந்தாள். பிறகு உள்ளே எடுத்து வந்தாள். டிஸ்பென்சரியில் கொடுத்த சின்ன மருந்துக் கிளாஸ் ஒன்று இருந்தது, பக்கத்தில் கோடு போட்டது. கோடு வரைக்கும் ஊற்றி, அடுப்புக்கு முன்னால் ஒரு முறை காட்டி, “வாங்கிக்கிட்டு எறங்கிப் போயிரு சாமி” என்று சொல்லி மகன் வாயருகே நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். குடித்தான், இருமினான், கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் படுத்தான். பொழுது சாயும் வரைக்கும் அசையாமல் தூங்கினான்.

அதுதான் வினையாகிப் போனது. பலிக்காமல் இருந்திருந்தால் மறுநாளே நிறுத்தியிருப்பாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு கிளாஸ். மருந்து கொடுப்பதைப் போலத்தான் கொடுத்தாள். கோட்டுக்கு மேலே ஒரு துளி போகாது. கிளாஸைக் கழுவிக் கூரைச் சட்டத்தில் செருகிவைப்பாள். அவன் ஸ்டோரிலும் முனியின் போத்தலில் பங்கு வாங்கத் தொடங்கிவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. சத்தியம் வீட்டில் உடைந்த பிறகு வெளியே அதைக் கட்டிக் காப்பதற்கு அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது போல இருந்தது. பையனுக்கு உடம்பு தேறியது, குரல் உடைந்தது, மீசை அரும்பியது. சத்தமாகச் சிரித்தான். பயம் என்பதே போய்விட்டது. ரோலர் அறையில் அடிக்கடி நடக்கும் சங்கடம் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் தண்டிலிருந்து பெல்ட் கழன்று விழுவது. எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். நிறுத்தினால் எல்லா ரோலரும் நிற்கும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து கத்துவார். அதனால் நீளமான கம்பு ஒன்றை வைத்து, தண்டு சுழலச் சுழலவே நெம்பி ஏற்றிவிடுவார்கள். நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. அழகன் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையால் ஏற்றினான். பெட்டியின் மேல் ஏறி நின்று, பெல்ட்டின் விளிம்பை உள்ளங்கையால் தள்ளி, அது தண்டைக் கவ்வும் நொடியில் கையை இழுத்துக்கொள்வான். ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முனி ஏறின பையன் என்று பேர் வந்தது. ஏற்றிவிட்டு இறங்கும்போது போத்தலை நீட்டுவார்கள்.

காளியாயி பார்த்தது வேறு. முதலில் சின்னச் சின்னதாக வந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போவான், வாளியை விட்டுவிட்டு வருவான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, ஏன் இன்னும் சோறு போடவில்லை என்பான். மீனம்மா சிரித்தால் எரிந்து விழுவான். ஒரு நாள் கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியது. ஸ்டோருக்கு லீவு நாள், அழகன் வீட்டில் இருந்தான். பழைய நினைப்பில் அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அவன் தொடங்கினான். பத்துப் பேர் தாண்டியிருக்காது, நின்றுவிட்டான். வேடிக்கை காட்டுகிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். எதிரே நிற்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை அசைத்தான், பேர் வரவில்லை. யாரோ ஒருத்தி, “என்னடா மாப்புள, மாமியா பேரு வாயில வரலியா?” என்று கேட்டாள். அவன் குனிந்து கல்லை எடுத்தான். நல்லவேளை, கல் கூடையில்தான் பட்டது. அன்றிலிருந்து அவனைப் பேர் கூப்பிட யாரும் நிறுத்தவில்லை.

தீபாவளி வந்தது. மீனம்மாவுக்குத் துணி எடுக்க அண்ணனும் தங்கையும் தலவாக்கலைக்குப் போனார்கள். சாயங்காலம் அவன் மட்டும் வந்தான். கையில் துணிப் பொட்டலம் இருந்தது. தங்கச்சி எங்கே என்று காளியாயி கேட்டாள். யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ கேட்டது போல அவன் விழித்தான். போகும்போது அவளைக் கூட்டிப் போனதே அவன் நினைவில் இல்லை. பஸ் நிலையத்தில் தவறணை பக்கத்துக் கடை ஒன்றில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள், அதற்கு அடியில் நின்றேன், நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னான்.

காளியாயி தலையிலடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பாதி வழியில் தோட்டத்து லொறி எதிரே வந்தது. டிரைவர் இப்றாஹிம் பிள்ளையை அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். லொறியிலிருந்து மீனம்மாவைத் தூக்கி இறக்கியவன் அவருடைய மகன் மீராசாஹிப். அவனும் ஸ்டோரில்தான், இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டருக்கு உதவியாள். அழகன் வயது, அழகன் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவன். பிள்ளை கையில் பாதி தின்ற பணிஸ் ஒன்று இருந்தது. அழவில்லை. அண்ணன் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே நின்றது, கூப்பிட்டேன், திரும்பவே இல்லை என்று மட்டும் சொன்னாள்.

மீராசாஹிப்பின் காதில் பஞ்சு இருந்ததைக் காளியாயி அப்போதுதான் பார்த்தாள். தேங்காயெண்ணெயில் நனைத்துச் செருகியிருந்தான்.

“ஒனக்கும் அந்தச் சத்தம் கேக்குதாப்பா?”

“கேக்கும் மாமி. எங்க உம்மா ஊருக்குப் போய் நாலஞ்சு நாள் இருந்தா தன்னால நின்னுரும். திரும்பி வந்தா திரும்ப வரும். அவ்வளவு சத்தத்துல நின்னா கேக்கத்தானே செய்யும்.”

“ஒன் காதுல முனி ஏறலியா?”

“எங்களுக்கு முனி இல்லையே மாமி.” லொறிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். “அழகனுக்குப் பயம் விட்டுப்போச்சு. அது நல்லதுக்கில்ல. ஓடுற பெல்ட்ட வெறுங்கையால ஏத்துறான். சொன்னா அடிக்க வாறான்.”

மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது காளியாயிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்தது. இரண்டு பையன்களும் ஒரே அறையில் நிற்கிறார்கள். ஒரே சத்தம், ஒரே வயது. மீராசாஹிப்பின் காது மந்தமாகியிருக்கிறது, புத்தி அப்படியே இருக்கிறது. பழனியாண்டியும் அதே அறையில் நின்றவன்தான், குடித்துக் குடித்தே செத்தவன். ஆனால் அவன் குடிக்கத் தொடங்கியது கல்யாணத்துக்குப் பிறகு. ஓயாவில் விழுந்த அன்று காலையில்கூட எல்லார் பேரும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. காயாத மண்சுவரை இரண்டு பக்கமும் இடித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் ரோலர் இடித்தது. மறுபக்கம் இடித்தது தன்னுடைய கிளாஸ்.

அன்றே நிறுத்தினாள். போத்தலைக் கொண்டுபோய்ச் செல்லசாமி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

நிறுத்தியதும் அவன் சரியாகிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனுக்கோ கை நடுங்கியது. குளிரில் வேர்த்தது. கூரைச் சட்டத்தில் முனி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றான். சத்தமில்லாமல் இருந்தால் பயந்தான். ஒரு தகரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கரண்டியால் அடித்துக்கொண்டே இருப்பான், பிடுங்கினால் தங்கையை அடிப்பான். மீனம்மாவின் உதடு கிழிந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். செல்லசாமி வந்து, முனியிடம் விளையாடாதே, பாதியில் நிறுத்தினால் அது பழி வாங்கும் என்றான்.

டீமேக்கர் வீட்டு வாசலில் போய் நின்றாள். பையனை ஸ்டோரிலிருந்து எடுத்து மலை வேலைக்கு விடச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார். கை நடுங்குகிற ஆளை ரோலரில் வைத்திருக்க அவருக்கும் விருப்பமில்லை. ரோலர்காரர்கள்தான் முறைத்துக்கொண்டார்கள். ஸ்டோரை விட்டுப் போகிறவன் முனிக்கு ஒரு போத்தல் வைத்துக் கும்பிட்டு, ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அது முறை. காளியாயி அதற்கும் முடியாது என்றாள். ஸ்டோர்க்காரர்கள் அவளுடன் பேசுவதை நிறுத்தினார்கள். அழகனுடைய இடத்துக்கு அதே லயத்து வீரம்மாவின் மகன் இராமையா போனான். பதினாலு வயது.

தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் அழகன் கத்தியோடு நின்றான். மலையில் காற்றும் கத்தி வெட்டுகிற சத்தமும்தான். அவனுக்கு அது போதவில்லை. கத்தியைக் கல்லில் அடித்து அடித்து வாயை மழுக்கினான். கங்காணி திட்டினால் சிரித்தான். அடிக்கடி நிமிர்ந்து, கீழே ஸ்டோர் இருக்கும் பக்கம் காதைக் கொடுப்பான். எஞ்சினின் உறுமல் மலையெல்லாம் கேட்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை, மூச்சு விடுவதைக் கவனிக்காதது போல. அவன் மட்டும் கவனித்தான்.

ஒரு காலையில் கத்தியை மண்ணில் குத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

காளியாயி வேறு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. திடீரென்று எஞ்சின் நின்றது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அந்த நேரத்தில் அது நிற்கக் கூடாது. எங்கோ ஒரு காகம் கத்துவது கேட்டது. அதற்கு முன் அந்த மலையில் காகம் கத்துவதை அவள் கேட்டதே இல்லை. கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஸ்டோருக்கு வந்தவனை ஆட்கள் முனி முன்னால் உட்கார வைத்தார்கள். தாய் மறுத்த படையலை மகன் கையால் முடித்துவிட்டால் முனியின் கோபம் தீரும் என்று நினைத்தார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். ஒரு மடக்கு என்று கொடுத்த போத்தலை அவன் திருப்பித் தரவில்லை, முழுவதையும் குடித்தான். அப்போது ஒரு பெல்ட் கழன்றது. இராமையா கம்பை எடுத்தான். அழகன் அவனைத் தள்ளிவிட்டுப் பெட்டி மேல் ஏறினான், சிரித்துக்கொண்டே கையை வைத்தான். எடுக்க வேண்டிய நொடியில் எடுக்கவில்லை. பெல்ட் கையோடு தண்டில் ஏறியது. பிறகுதான் எஞ்சினை நிறுத்தினார்கள். பெல்ட் மாட்டுவதற்கு அதை நிறுத்தியிருந்தால் டீமேக்கர் கத்தியிருப்பார், வேறொன்றும் ஆகியிருக்காது.

பெரியாஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் அனுப்பினார்கள். அங்கேயிருந்த நாட்களில் காளியாயியிடம் தினமும் ஒரே கேள்வி கேட்டான், என் கை எங்கே என்று. அவள் தினமும் சொன்னாள். முதலில் அழுதுகொண்டு சொன்னாள், அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்.

முனி வாங்கிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். செல்லசாமி ஒரு நாள் இஸ்தோப்பு வரைக்கும் வந்து, “அந்தப் படையல மட்டும் தடுக்காம இருந்திருந்தியன்னா...” என்று தொடங்கினான். காளியாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“முனி எதையும் வாங்கல அண்ணே. மொத மொத நாந்தான் ஊத்துனேன். அப்புறம் நீங்க ஊத்துனீங்க.”

அவன் எழுந்து போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

வீரம்மா வந்தது மழை தொடங்கிய மாதத்தில். கையைப் பிசைந்துகொண்டு இஸ்தோப்பில் நின்றாள். இராமையாவுக்குத் தூக்கமில்லை, காதுக்குள் ரோலர் ஓடுகிறதாம், அவனும் முதல் நாள் பயந்துபோய்ப் படையலைத் துப்பிவிட்டானாம் என்று சொன்னாள். செல்லசாமி அண்ணன் ஒரு போத்தல் கொடுத்திருக்கிறார், ஆனால் அளவு தெரியவில்லை.

“கூடக் குடுத்ததாலதான் ஒங்க புள்ளைக்கு இப்புடி ஆச்சுன்னு பேசிக்கிறாங்க அக்கா. அளவாக் குடுத்தா எறங்கிருமாம். ஒங்கக்கிட்ட ஒரு மருந்துக் கிளாஸ் இருக்காமே, கோடு போட்டது. அதத் தர்றீங்களா?”

காளியாயி அவளை உட்காரச் சொன்னாள். உள்ளே அழகன் சுவரைப் பார்த்து நின்று பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தான். எப்போது நினைப்பு வருகிறதோ அப்போது தொடங்கிவிடுவான். நாகலெட்சுமி என்றான். பொன்னையா என்றான், அது பெண்கள் வரிசையில் வர முடியாத பேர். மறுபடி நாகலெட்சுமி என்றான். பழனியாண்டி என்றான். அப்புறம் பேர் எதுவும் வரவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது, இல்லாத கை தோளோடு சேர்ந்து புத்தகத்தைப் புரட்டுவது போல ஆடியது.

“அழகா, தங்கச்சி பேரு என்னடா?” என்று காளியாயி கேட்டாள்.

மீனம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான். மரியாதையாகச் சிரித்தான், விருந்துக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது போல. மீனம்மா நிமிரவில்லை. அவளுக்குப் பழகிவிட்டது.

“கோட்டுக்கு மேல நான் ஒரு சொட்டு ஊத்தல வீரம்மா” என்றாள் காளியாயி. “ஒரு நாளும் ஊத்தல. அளவாத்தான் குடுத்தேன்.”

எழுந்து, கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கிளாஸை எடுத்தாள். தூசி படிந்திருந்தது. வெளியே வந்து அம்மிக் கல்லின் மேல் வைத்துக் குழவியால் ஓங்கி அடித்தாள். சில்லுகள் வீரம்மாவின் கால் வரைக்கும் சிதறின.

சத்தம் கேட்டு அழகன் வாசலுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

“இன்னொருக்கா” என்றான்.

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். லயத்துக் கோடியில் செல்லசாமி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். அவளை ஏதோ கேட்டான். அவள் நின்றாளா, பதில் சொன்னாளா என்பது மழையில் தெரியவில்லை. காளியாயி சில்லுகளைப் பொறுக்கினாள். பொறுக்கும் வரைக்கும் அவன் பின்னாலேயே நின்று, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் ரொட்டி சுட எழுந்தபோது இன்னும் இருட்டாக இருந்தது. இராமையா ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தான். தீப்பந்த வெளிச்சத்தில் அவன் காது இரண்டிலும், மீராசாஹிப் செருகியிருந்தது போலவே, வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. வாயிலிருந்து வாடை வருகிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆனால் அவன் அந்தப் பக்கத்துச் சாக்கடையோரமாக ஒதுங்கி நடந்தான், காற்றும் எதிர்ப்பக்கம் அடித்தது.

விடிந்ததும் அவள் கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். உள்ளே அழகன் பெரட்டு எடுக்கத் தொடங்கியிருந்தான். படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். நாகலெட்சுமி வந்தாள். பழனியாண்டி வந்தான். காளியாயி என்ற பேர் வரவில்லை. கீழே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. உண்மையான பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் கதவை வெளியே கொக்கி போட்டுவிட்டு நடந்தாள்.